முதல் நாற்காலி கேட்ட பிளம்பர்

அந்தத் தெருவில் பிளம்பருக்கு ஒரு வாய் டீ கொடுத்துவிட்டுத் தப்பித்தவர் யாரும் கிடையாது. குடித்த கையோடு ஸ்பானரை எடுத்துக்கொண்டு உங்கள் சமையலறைக்குள் நுழைந்து, நன்றாக இருக்கிற குழாயையாவது கழற்றி மாட்டிவிட்டுத்தான் போவார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஒருமுறை, பாவம், அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் அந்த அம்மா கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் குளியலறையில் பழைய ஷவரைக் காணோம், புதுசு தொங்கியது. அதிலிருந்து கொட்டிய தண்ணீரின் வேகத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு வாரம் காது அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கைக்குட்டை தைத்துக் கொடுக்கக்கூட அந்த அம்மாவுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஊரே சேர்ந்து அவருக்குச் ‘சரிக்குச்சரி’ என்று பேர் வைத்திருந்தது. அதில் அவருக்குக் கோபமா? பெருமை!

“வாங்குற கை எப்பவும் கீழதான் இருக்கும். என் கை கீழ இருந்து யாராவது பாத்திருக்கீங்களா?” என்று கேட்பார். பெரும்பாலும் யார் வீட்டு சிங்க்குக்கு அடியிலோ மல்லாந்து படுத்துக்கொண்டுதான் கேட்பார் என்பது வேறு விஷயம்.

கடவுளிடமும் அதே ஏற்பாடுதான். கோயில் குழாய், கோயில் கழிப்பறை, போதகர் வீட்டு சாக்கடை எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. கூலி வாங்கமாட்டார். “மேல இருக்கறவருக்கும் எனக்கும் எந்தப் பாக்கியும் கிடையாது” என்று சொல்லிக்கொள்வார். ஜெபத்தில்கூடத் தனக்கென்று ஒன்று கேட்டதில்லை. ‘உமக்கு ஆயிரம் வேலை இருக்கும், என் பக்கம் எல்லாம் நல்லா ஓடுது, நீர் மத்தவங்களப் பாரும்’ என்கிற தினுசில் கண்ணை மூடித் திறந்துவிடுவார். இப்படி ஒரு பக்தனை வைத்துக்கொண்டு கடவுள்தான் என்ன செய்வார்? கொடுக்க வந்தால் கதவைத் திறந்தால்தானே!

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் பேசிவைத்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்தன.

டாக்டர் படம் போட்டு விளக்கினார். பிளம்பர் இடையில் கையைக் காட்டி நிறுத்தினார். “புரியுது சார். ஃபில்டர் போச்சு.”

“அப்படித்தான் வெச்சுக்குங்களேன்.”

“கழட்டிக் கழுவி மாட்ட முடியாதா?”

“முடியாது. ரெண்டுமே போச்சு.”

“அப்ப புதுசு வாங்கிடலாம். எங்க கிடைக்கும்?”

“கடையில கிடைக்கற சாமான் இல்லைங்க அது. யாராவது ஒருத்தர் மனசார உங்களுக்குக் கொடுக்கணும்” என்றார் டாக்டர். “சீக்கிரம் முடிவு பண்ணுங்க. தள்ளிப்போட்டா ரத்தத்தச் சுத்தம் பண்ற மெஷின்ல படுக்கணும். அதுக்கும் மேல தள்ளிப்போட்டா...” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

யாராவது கொடுக்கணும். இடித்தது அங்கேதான். சாவைச் சாடையாகச் சொன்னதற்குக்கூட அசையாத மனுஷன், ‘கொடுக்கணும்’ என்ற வார்த்தைக்குத்தான் நாற்காலியில் நெளிந்தார்.

மனைவி உடனே, “என்னோடத எடுத்துக்குங்க டாக்டர்” என்றாள். அவளுக்கு இருந்த சர்க்கரை வியாதி குறுக்கே வந்தது. பிள்ளைகள் இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. இருந்த ஒரே ஆள், மனைவியின் தம்பி.

இந்த மச்சினனைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. ஒலிபெருக்கியும் வண்ண விளக்கும் வாடகைக்கு விடுகிறவன். ஊரில் எந்த விசேஷம் நடந்தாலும் கடைசி விளக்கை அணைத்து, கடைசி ஒயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருபவன் அவன்தான். அதனால் பகல் பன்னிரண்டுக்கு எழுந்திருப்பான். வேலை பார்த்த பாதியை விட்டுவிட்டுத் தூங்குகிற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார் பிளம்பர். அவனுக்கு ‘மத்தியானம்’ என்று பேர் வைத்தவரே அவர்தான். இருபது வருஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு பாக்கியில்லாமல் அவனை வறுத்தெடுத்திருக்கிறார். “சூரியனையே பாக்காம வளர்றது உலகத்துல ரெண்டுதான். ஒண்ணு காளான், இன்னொண்ணு என் மச்சினன்” என்பார். மத்தியானம் கோபப்படமாட்டான். “குழம்ப இந்தப் பக்கம் தள்ளுங்க அத்தான்” என்பான். அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்ட மத்தியானம்தான் ஒருநாள், யாரிடமும் மூச்சுவிடாமல், காலை ஆறு மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாச் சோதனையும் செய்துகொண்டு வந்துவிட்டான். எல்லாம் பொருந்திவிட்டது.

மனைவி இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். பிளம்பர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவன் கிட்னியா? அதுவும் அவன மாதிரியே பன்னெண்டு மணிக்குத்தான் எந்திரிக்கும். அதுவரைக்கும் நான் என்ன செய்யறது?” என்றார்.

தன்னுடைய நகைச்சுவைக்குத் தானே சிரித்தும் பார்த்தார். மனைவி சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

அன்றிலிருந்து வீட்டில் அவள் பாத்திரங்களோடுதான் பேசினாள். “உப்பு போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, கேட்டியா?” என்று வாணலியிடம் சொல்வாள். “உயிரு கெடக்கட்டும், வீம்பு பெருசுன்னு நெனைக்கறவங்களுக்கு நாம என்ன சொல்ல முடியும்?” என்று குக்கரைக் கேட்பாள். குக்கராவது விசில் அடித்துப் பதில் சொல்லும். பிளம்பர் வாயைத் திறக்கமாட்டார்.

ஆனாலும் சாகப் பயம் யாருக்கு இல்லை? ஒருநாள் அவராகவே மச்சினனின் கடைக்குப் போனார். ஆள் உயரத்துக்கு அடுக்கிவைத்த ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மத்தியானம் ஒரு மைக்கைப் பிரித்துப் போட்டிருந்தான்.

“டேய், நேராவே கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?” என்றார் பிளம்பர்.

“எதுக்கு அத்தான்?”

“அதான், அதுக்கு. வண்டி வாங்கித் தரட்டுமா?”

“வண்டி இருக்கே.”

“பாத்ரூம் முழுக்க இடிச்சிட்டுப் புதுசா போட்டுத் தர்றேன். வெந்நீர், பச்சைத் தண்ணி, ரெண்டு லைன்.”

“என் ஒருத்தனுக்கு எதுக்கு ரெண்டு லைன்?”

“அப்ப ஒரு விலை சொல்லுடா!”

மத்தியானம் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். “வித்தா போலீஸ் பிடிக்கும் அத்தான். ஆஸ்பத்திரியில என்னைத் தனியா உக்காரவெச்சு அதத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. எதையாவது வாங்கிக்கிட்டா தர்றேன்னு. சும்மா கொடுத்தாத்தான் எடுப்பாங்களாம். சட்டமே அப்படித்தான்.”

இவ்வளவு காலம் யாரும் கொண்டுவந்து நிறுத்தாத இடத்தில் சட்டம் அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. “அப்ப வேணாம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீடு வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். ஆனால் திரும்பிப்போய் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. எடுக்கத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

இந்த நேரம் பார்த்துத்தான் கோயிலில் பாதம் கழுவும் ஆராதனை வந்தது.

அது, தன் பன்னிரண்டு சீடர்களின் பாதத்தை ஆண்டவர் கழுவியதை நினைத்து வருஷத்துக்கு ஒருநாள் நடப்பது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி வரிசையாகப் போட்டுப் பன்னிரண்டு பேரை உட்காரவைப்பார்கள். போதகர் ஓரத்து ஆளின் பாதத்தைக் கழுவித் துடைப்பார். அந்த ஆள் எழுந்து அடுத்தவருக்குக் கழுவ வேண்டும். அவர் அதற்கடுத்தவருக்கு. வாங்கினதை வாங்கினவரிடமே திருப்பிக் கொடுக்கக் கூடாது, பக்கத்தில் தள்ளிவிட வேண்டும். இதுதான் அந்தக் கோயிலின் வழக்கம்.

இதில் ஒரு கூத்து உண்டு. பாதம் கழுவப்படப்போகிறது என்று தெரிந்ததும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே பாதத்தைக் கழுவோ கழுவென்று கழுவிவிடுவார்கள். கல் வைத்துத் தேய்ப்பதென்ன, நகம் வெட்டுவதென்ன, பவுடர் போடுவதென்ன! போன வருஷம் தலைமையாசிரியை அம்மா பன்னீரில் ஊறவைத்துக்கொண்டு வந்ததாகப் பேச்சு. போதகர் தலையில் அடித்துக்கொள்வார். “வருஷா வருஷம் சுத்தமான பாதத்தையே கொண்டுவந்து நீட்டுறீங்களே, நான் என்னத்தக் கழுவறது? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி காய்ச்சல வீட்டுலயே விட்டுட்டுப் போவீங்களா?” என்பார். அடுத்த வருஷமும் பவுடர் வாசனையோடுதான் வருவார்கள்.

அந்த வருஷம் பன்னிரண்டு பேரில் பிளம்பரும் ஒருவர், மத்தியானமும் ஒருவன். பேர் கொடுத்தது மனைவி. இதையும் அவள் குக்கரிடம் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

மறுத்துவிடலாமா என்று பார்த்தார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கோயிலில் யாருக்கும் அவருடைய வியாதி தெரியாது. தெரிந்தால் ஆளாளுக்குப் பழத்தைத் தூக்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். அத்தனை பேர் வீட்டுக் குழாயையும் இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்போது சரிசெய்வது? அதனால் போதகரிடம் போனார்.

“ஐயா, எனக்கு முதல் நாற்காலி வேணும்.”

“ஏன் அண்ணே?”

“நீங்கதான் எனக்குக் கழுவணும்.”

போதகர் குள்ளமாக, உருண்டையாக, எப்போதும் சிரிப்பை வாய்க்குள் அடக்கிவைத்திருப்பவர் போல இருப்பார். பிளம்பரின் கணக்கு அவருக்குப் புரியாமலா போகும்? போதகர் கழுவினால் அன்றைக்கே போதகர் வீட்டு சாக்கடை அடைப்பை எடுத்துச் சரிக்கட்டிவிடலாம். மச்சினனும் தூரமாக எங்கேயோ இருப்பான். “தாராளமா உக்காருங்க. வடக்குச் சுவர் ஓரத்து நாற்காலி உங்களுக்குத்தான்” என்றார் போதகர். பிளம்பர் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்.

ஆராதனை நாளில் பார்த்தால் பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தன. சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, வெகுநேரம் அப்படியே இருந்தது. இந்தக் காலைக் கொண்டுபோய்ப் போதகர் கையில் கொடுத்தால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும்.

பிளம்பர் யோசித்தார். தண்ணீர் சமாச்சாரத்தில் அவருக்குத் தெரியாத வித்தையா? தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும். காலை மேட்டில் வைத்தால் வடிந்துதானே ஆகவேண்டும்! பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தலையணையில்லாமல் தரையில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் செங்குத்தாகச் சாய்த்துக்கொண்டார். மனைவி எட்டிப்பார்த்துவிட்டு, “மண்டைக்கு ரத்தம் போனாலாவது புத்தி வருதான்னு பாப்போம்” என்று தோசைக்கல்லிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் எழுந்து பார்த்தார். அடடா, பாதம் வற்றி எலும்பு தெரிந்தது. நான் யார் என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். சிரிப்பு முகத்தில் முழுசாக விரியவில்லையே என்று கண்ணாடி முன்னால் போய் நின்றார். கண் இரண்டும் கோடாகியிருந்தன. கன்னம் உப்பி, உதடு தடித்து, எதிரே நிற்பது யார் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலில் இருந்த தண்ணீர் முகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. வடிய வைத்தவர், எங்கே போய் வடியும் என்று யோசிக்கவில்லை.

வேறு வழியில்லை. சாக்ஸ், ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கோயில் வாசலிலேயே தையல்காரம்மா பிடித்துக்கொண்டார். “ஐயையோ, என்னாச்சு முகத்துக்கு?”

“தேனீ கொட்டிடுச்சு.”

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு தேனீ.”

“ரெண்டும் ஒரே அளவுக்கு எப்படிங்க கொட்டும்?” என்றார் பின்னால் வந்த தலைமையாசிரியை அம்மா. அளவு விஷயத்தில் அந்த அம்மாவை ஏமாற்ற முடியாது. பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டு வடக்குச் சுவர் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அவருக்கு அடுத்த நாற்காலி தையல்காரம்மாவுக்கு. ஆனால் அவர் தன் சிநேகிதி தலைமையாசிரியையின் பக்கத்தில் உட்காரவேண்டுமென்று அங்கே போய்விட்டார். மைக்கைச் சரிபார்த்துவிட்டுக் கடைசியாக ஓடிவந்த மத்தியானத்துக்குக் காலியாக இருந்தது அந்த ஒரே நாற்காலிதான். வந்து உட்கார்ந்தான். பிளம்பர் திடுக்கிட்டாலும் பதறவில்லை. போதகர் நமக்குக் கழுவுவார், நாம் இவனுக்குக் கழுவுவோம். கொடுக்கிற பக்கம் நாம்தானே, போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்ததுதான் எல்லாருக்கும் தெரியும், முடிப்பது அவருக்கே தெரியாது.

“கடவுள் கொடுக்கறது மழை மாதிரி. நல்லவன் கெட்டவன்னு பாக்காம பெய்யுது. நாம என்ன செய்யறோம்? குடையப் பிடிச்சிக்கிட்டு நிக்கறோம். நின்னுக்கிட்டு, ‘எனக்கு மட்டும் ஒரு சொட்டு விழலையே’ன்னு புலம்பறோம். முதல்ல குடைய மடக்குங்கய்யா! நனைஞ்சவன்தான் அடுத்தவன் மேல தண்ணி தெளிக்க முடியும்...”

மழைத்தண்ணியைக் கூரையிலிருந்து தொட்டிக்கு இறக்கக் குழாய் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியாயிற்றே, இன்னும் எதற்கு மழையைப் பற்றிப் பேசுகிறார் என்று பிளம்பருக்குத் தோன்றியது. அப்புறம் அவரால் பிரசங்கத்தைக் கவனிக்க முடியவில்லை. ஷூ இறுக ஆரம்பித்திருந்தது. உட்கார்ந்திருக்கிற மனுஷனின் உடம்பில் பள்ளம் எது? பாதம்தானே! போதகர் பேசப் பேச, முகத்தில் இருந்த தண்ணீர் வழி தெரிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கண் நன்றாகத் திறந்துகொண்டது. ஷூவுக்குள் விரல் அசையவில்லை.

ஒருவழியாகப் பிரசங்கம் முடிந்தது. போதகர் அங்கியைக் கழற்றிவைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பேசினையும் குவளையையும் எடுத்தார். எடுத்துக்கொண்டு நேராகத் தெற்குச் சுவர் ஓரத்துக்குப் போய் முழங்கால் போட்டார்.

“ஐயா!” என்று பிளம்பர் தன்னை மறந்து கூப்பிட்டுவிட்டார். “முதல் நாற்காலி இந்தப் பக்கம்!”

போதகர் திரும்பிப் பார்த்தார். “வடக்கு ஓரம் உங்களுக்குன்னுதானே அண்ணே சொன்னேன்? எந்த ஓரத்துலருந்து ஆரம்பிப்பேன்னு நீங்க கேக்கவே இல்லையே!”

கோயில் சிரித்தது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அவர் மனைவியும் சிரித்ததைப் பிளம்பர் பார்த்தார். போதகரும் இவளும் கூட்டுக் களவாணிகள் என்று புரிந்தது. எழுந்து ஓடலாமென்றால் இந்த ஷூவோடு ஓட முடியாது.

வரிசை நகர்ந்து வந்தது. ஒவ்வொருவராக முழங்கால் போட்டார்கள், பளபளக்கிற பாதத்தின் மேல் தண்ணீர் ஊற்றினார்கள், துடைத்தார்கள், எழுந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மத்தியானத்தின் பாதத்தைக் கழுவினார். அவன் பாதம் மட்டும் ஒயரும் தூசியும் பட்டுக் கரேலென்று இருந்தது. வீட்டில் கழுவிக்கொண்டு வரவேண்டும் என்று அவனுக்கு மட்டும் தோன்றவில்லை. ரொட்டிக்கடைக்காரர் அழுத்தித் தேய்க்க, கூச்சத்தில் நெளிந்து சிரித்தபடி சுகமாகக் காலை நீட்டிக்கொண்டிருந்தான். வாங்கிக்கொள்வதில் இவனுக்கு வெட்கமே கிடையாதா என்று பிளம்பருக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்கு அடியில் பொறாமையும் இருந்தது.

பிறகு மத்தியானம் எழுந்து வந்து, அவர் முன்னால் முழங்கால் போட்டான்.

“அத்தான், ஷூ.”

“வேணாம்டா. சும்மா மேலாப்புல தண்ணியத் தெளிச்சிட்டு எந்திரி.”

“ஷூ மேலயா?”

அவனே கயிற்றை அவிழ்த்தான். ஷூ வரவில்லை. ஒரு கையால் குதிகாலைப் பிடித்து இழுத்தான், இரண்டு கையாலும் இழுத்தான், கடைசியில் பின்னால் சாய்ந்து இழுத்ததில் ஷூவோடு மல்லாந்து விழுந்தான். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாக்ஸை உருட்டி எடுத்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. பாதம் உப்பி மினுமினுத்தது. கணுக்காலைச் சுற்றிச் சாக்ஸ் பதிந்த பள்ளம் கயிறு கட்டினாற்போல் இருந்தது. எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

மத்தியானம் தண்ணீர் ஊற்றினான். அவன் கட்டைவிரல் பட்ட இடத்தில் குழி விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இவ்வளவு வீங்கியிருக்கா அத்தான்? அக்கா சொல்லவே இல்லையே.”

“அவ குக்கர்கிட்ட சொல்லியிருப்பா.”

அவன் சிரிக்கவில்லை. குனிந்தபடியே மெதுவாகப் பேசினான். “எனக்கு ஊசின்னாலே பயம் அத்தான். ரத்தம் எடுத்த அன்னைக்கே மயங்கி விழுந்துட்டேன். நர்ஸுதான் தண்ணி தெளிச்சு எழுப்புச்சு.”

“அப்புறம் எதுக்குடா இந்த வேலை உனக்கு? நான்தான் வேணாம்னு சொல்லிட்டேனே!”

“நீங்க செத்துப்போயிட்டா?” என்றான் மத்தியானம். அவன் மூக்கு சிவந்திருந்தது. “அந்தப் பயம் இதவிடப் பெருசா இருக்கே. நீங்க இல்லன்னா என்னைக் கேலி பண்ண யாரு அத்தான் இருக்கா?”

பிளம்பர் பதிலுக்கு எதையோ தேடினார். வழக்கம்போல எதைக் கொடுத்து இதைச் சரிக்கட்டுவது என்றுதான் அவர் மனசு முதலில் தேடியது. வண்டி, பாத்ரூம், இரண்டு லைன் தண்ணீர். எதுவும் ஈடாகவில்லை. இருபது வருஷம் இவனைக் கேலி செய்திருக்கிறார். இவன் கையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டால் அந்த இருபது வருஷத்துக்கும் வெட்கப்பட்டாக வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் இத்தனை நாளும் சாகத் துணிந்திருந்தார் என்பது அவருக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. வெட்கம் வந்தது. வந்து, உடம்பெல்லாம் பரவி, கண் வழியாக இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் பாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“நல்லாத் தேய்ச்சுக் கழுவுடா. அந்த விரல் இடுக்குல” என்றார் பிளம்பர். எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கணக்குப் போடாமல் அவர் வாழ்க்கையில் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. மத்தியானம் நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு, விரல் விரலாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டான்.

வழக்கப்படி, கழுவப்பட்ட கடைசி ஆள் எழுந்துபோய்ப் போதகரின் பாதத்தைக் கழுவ வேண்டும். அப்போதுதான் வட்டம் முழுமையாகும். ஆனால் இத்தனை வருஷத்தில் அது ஒருதடவையும் நடந்ததில்லை. கடைசி ஆள் எழுந்து நிற்கிற நேரம் பார்த்துப் போதகருக்குக் கடிகாரம் ஞாபகத்துக்கு வந்துவிடும். மணிக்கணக்கில் பிரசங்கம் செய்த மனுஷன், “நேரமாயிடுச்சு, கடைசிப் பாட்டைப் பாடி முடிப்போம்” என்று பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்றும் போதகர் புத்தகத்தைத் திறந்துகொண்டே, “நேரமாயிடுச்சு...” என்றார்.

பிளம்பர் குவளையோடு பேசினை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு, வெறுங்காலோடு தண்ணீர்த் தடம் பதிய நடந்துபோய் அவர் முன்னால் நின்றார். “உக்காருங்க ஐயா.”

“இருக்கட்டும் அண்ணே. எனக்கு வேணாம். சனங்க வீட்டுக்குப் போகணும்ல?”

“அவங்க போவாங்க. நீங்க உக்காருங்க.”

“சொன்னாக் கேளுங்க அண்ணே, நான் வீட்டுலயே...” போதகர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வீட்டிலேயே கழுவிக்கொண்டு வந்துவிட்டேன் என்றுதான் சொல்லவந்தார். அவர் முகம் சிவந்ததை முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள்.

பிளம்பர் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். உட்காரும்போது வலித்தது, முனகினார். பிறகு தலையை நிமிர்த்தி, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“ஐயா, நான் என் மச்சினன்கிட்டருந்து ஒரு கிட்னியே வாங்கிக்கப் போறேன். நீங்க என்கிட்டருந்து ஒரு குவளை தண்ணி வாங்கிக்க மாட்டீங்களா?”

மூன்றாவது வரிசையில் அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். எழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மத்தியானம் நனைந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

போதகர் வாயைத் திறந்தார். எத்தனையோ பிரசங்கம் செய்த வாய், அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு பிளம்பரின் நாற்காலியில் உட்கார்ந்தார். குனிந்து, மெதுவாக, முதலில் இடது செருப்பைக் கழற்றினார்.